துர்கா ஓடிக்கொண்டிருந்தாள், விளக்கைப் போட்டுவிட்டார்கள்

இனிமேல் பல்கலைக்கழக அரங்கில் படம் போடுகிறோம் என்று யார் கூப்பிட்டாலும் நான் கேட்கப்போவது ஒரே கேள்விதான். சிறப்பு விருந்தினர் உண்டா? உண்டு என்றால் நான் வரவில்லை.

வெள்ளிக்கிழமை 5 மணிக்கு சத்யஜித் ராய் இயக்கிய வங்காளப் படம் ‘பதேர் பாஞ்சாலி’, 7.30-க்கு மாணவர் நாடகம் என்று போட்டிருந்தார்கள். போனால் அரங்கம் பூட்டிக் கிடக்கிறது, சாவி யாரிடம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இதெல்லாம் உங்களுக்கும் பழகியதுதான், விடுங்கள். குத்துவிளக்கு, வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை எல்லாம் முடிந்து படம் தொடங்கும்போது மணி 6.20.

தொடங்கியதும் படத்தில் வரும் இந்திர் பாட்டியின் ஒட்டிய கன்னம் உப்பிப்போய்த் தெரிகிறது. 1955-இல் வந்த படம் அது, சட்டகம் கிட்டத்தட்ட சதுரம். அதை இன்றைய அகலத் திரைக்கு இழுத்து நிரப்பியிருக்கிறார்கள். எழுந்து போய்ச் சொன்னேன். “ஓரத்துல கறுப்பா விட்டா திட்றாங்க சார்” என்றார் புரொஜெக்டர் பார்த்துக்கொண்டிருந்தவர். அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. ரிமோட்டில் ஒரு பட்டன் அழுத்தினார், பாட்டி பாட்டியானாள். இத்தனை பெரிய இடத்தில் முன்கூட்டியே ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்க்க ஒரு ஆள் இல்லையா?

சரி, அதுவும் போகட்டும். அந்த ரயில் காட்சிக்கு வருகிறேன்.

அக்கா துர்காவும் தம்பி அப்புவும் வெளியே வந்துவிட்டார்கள். தந்திக் கம்பம் முனகுகிறது. துர்கா அதில் காதை வைக்கிறாள். அரங்கில் ஒரு சத்தமில்லை. என் பக்கத்தில் முதலாமாண்டு மாணவி ஒருத்தி, முதல் தடவை பார்க்கிறாள் போலிருக்கிறது, நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். நாணல் பூவுக்குள் இரண்டு பேரும் ஓடுகிறார்கள். தூரத்தில் கரும்புகை.

பட்டென்று எல்லா விளக்கும் எரிந்தது.

“மன்னிக்கவும், ஐயாவுக்கு வேறொரு நிகழ்ச்சி இருப்பதால் நினைவுப் பரிசை இப்போதே வழங்கிவிடலாம்.”

படத்தை நிறுத்தக்கூட இல்லை! ஒலியை மட்டும் குறைத்தார்கள். திரைக்கு முன்னால் ஆறு பேர் வரிசையாக நிற்கிறார்கள். விளக்கு வெளிச்சத்தில் வெளிறிப்போன ரயில், அவர்கள் சட்டை மேலும் பொன்னாடை மேலும் ஊர்ந்து போகிறது. புகைப்படக்காரர், “சார், கொஞ்சம் இந்தப் பக்கம்” என்கிறார். ரயில் போகிறது. “துணைவேந்தர் சார் நடுவுல வாங்க.” ரயில் போகிறது. பரிசின் பளபளத் தாள் ஃபிளாஷில் மின்னுகிறது, இன்னொரு படம் எடுக்கிறார்கள். ரயில் போயே போய்விட்டது.

சத்யஜித் ராய் அந்தக் காட்சிக்காக என்ன பாடுபட்டார் தெரியுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் எடுத்துவிட்டு, அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் பூவையெல்லாம் மாடு மேய்ந்துவிட்டிருந்தது. மறுபடி பூக்கட்டும் என்று அடுத்த பருவம் வரை காத்திருந்து மிச்சத்தை எடுத்தார். கையில் பணமில்லாத மனிதன் பூவுக்காக ஒரு வருடம் காத்திருந்திருக்கிறான். இவர்களால் அந்த ரயில் போகும் வரை காத்திருக்க முடியவில்லை.

கொஞ்சம் பின்னால் ஓட்டிப் போடுங்கள் என்று கேட்டோம். “நேரமில்லை, அடுத்து நாடகம் இருக்கு.” 7.50-க்குப் படத்தையே நிறுத்திவிட்டார்கள். இன்னும் அரை மணி நேரம் பாக்கி. துர்கா மழையில் நனைவதை அந்த மாணவி பார்க்கவில்லை. “அப்புறம் என்ன ஆகும்?” என்று என்னிடம் கேட்டாள். நான் எப்படிச் சொல்வது அதை?

நாடகத்துக்காவது நேரம் கொடுத்தார்களா? 50 நிமிட நாடகம், இரண்டு மாத ஒத்திகை. 25-ஆவது நிமிடத்தில் பக்கவாட்டிலிருந்து ஒருவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார். 9 மணிக்கு அரங்கைப் பூட்ட வேண்டுமாம். மேடை விளக்கை அணைத்து டியூப்லைட்டைப் போட்டுவிட்டார்கள். பாட்டி வேடம் போட்ட பெண் 5 மணியிலிருந்து ஒப்பனையோடு திரைக்குப் பின்னால் நின்றவள். தலையில் அப்பிய வெள்ளைப் பவுடர் வியர்வையில் கரைந்து, காதோரம் கோடாக இறங்கியிருந்தது. அந்த டியூப்லைட்டில், விசிறி ஓடும் இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தி, கடைசிக் காட்சியின் வசனத்தைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் இறங்கினாள். எழுந்து நின்று கைதட்டினோம்.

1977-இல் காந்திகிராமத்தில் தேசிய நாடகப் பள்ளி நடத்திய பயிற்சி முகாமைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறோம். ஒரு கல்வி வளாகம் இடமும் நேரமும் கொடுத்ததால் தமிழ் நவீன நாடகத்துக்குக் கிடைத்த பலம் அது. இங்கே பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க மனமில்லை. வாழ்த்துரையில் ஒன்றைக் குறைத்திருந்தால் போதும், முழு நாடகமும் நடந்திருக்கும்.

வெளியே வந்தால் முன்வாசல் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். பின்வாசல் வரை ஒரு கிலோமீட்டர், அந்தச் சாலையில் ஒரு விளக்கு எரியவில்லை. மாதக்கணக்காக இப்படித்தான் கிடக்கிறதாம். பவுடர் தலையோடு அந்தப் பெண்ணும் இன்னும் நாலு பேரும் செல்போன் வெளிச்சத்தில் நடந்து போகிறார்கள். ஐயாவின் காரை அனுப்ப அரங்கு வாசலில் அத்தனை பேர் நின்றீர்களே, இந்தப் பிள்ளைகளோடு பஸ் ஸ்டாப் வரை வர ஒருத்தர் இல்லையா?