செய்தித்தாள் அட்டை போட்ட புத்தகம்

போன வாரம் பஸ்ஸில் ஒரு பொய் சொன்னேன்.

காட்பாடியில் ஏறி, ஜன்னலோரம் இடம் கிடைத்த சந்தோஷத்தில் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். அட்டையில் பறக்கும் குதிரை, அதன் பிடரியைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி, கீழே ஒரு நரி. பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா எட்டிப் பார்த்து, "இன்னாமா, புள்ளைங்களுக்கு வாங்கினு போறியா?" என்றார். "ஆமாம்மா, அக்கா பொண்ணுக்கு" என்றேன். அக்கா பொண்ணு பெங்களூரில் வேலைக்குப் போகிறாள். புத்தகம் எனக்கு நானே வாங்கியது. ராணிப்பேட்டை முத்துக்கடை நிறுத்தம் வருவதற்குள் நாற்பது பக்கம் முடித்திருந்தேன். மறுநாள் அதற்குச் செய்தித்தாளில் அட்டை போட்டுவிட்டேன்.

எனக்கு 47 வயது. ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். இந்த வயதில் என்ன படிக்கிறேன் என்பதை யாரிடம் மறைக்க வேண்டும்? ஆனாலும் மறைத்தேன். அது உறுத்திக்கொண்டே இருந்ததால் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் ஊர் செய்யாறு பக்கம். கோடை விடுமுறையில் திரௌபதை அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும். பிற்பகலில் பாரதச் சொற்பொழிவு, ராத்திரி விடிய விடியக் கூத்து. நாங்கள் சாக்கை விரித்து இடம் பிடித்துவிட்டு, கூத்தைத் தொடங்கிவைக்கும் கோமாளி கட்டியங்காரன் வரும்வரை விழித்திருந்து, பிறகு தூங்கிப்போவோம். அர்ச்சுனன் தபசு அன்று மட்டும் ஆயா விடமாட்டார். "தோ பாரு, ஏறப்போறாரு, எழுந்திரு" என்று தொடையில் கிள்ளுவார். வேஷம் கட்டியவர் பாடிக்கொண்டே தபசு மரத்தில் ஒவ்வொரு படியாக ஏறுவார். உச்சியிலிருந்து பூவும் எலுமிச்சம்பழமும் எறிவார். குழந்தை வேண்டி ஈரப் புடவையோடு நிற்கும் பெண்கள் மடியேந்துவார்கள். கடைசி நாள் படுகளம். களிமண்ணில் செய்து வண்ணம் பூசிய துரியோதனன் தெருவை அடைத்துக்கொண்டு படுத்திருப்பான். வீமன் தொடையில் அடிப்பார், பாஞ்சாலி கூந்தல் முடிப்பாள். மல்லாட்டை (வேர்க்கடலை) மண்டியில் ஒரு ரூபாய் விட்டுத்தராத எங்கள் பெரிய மாமா, அன்றைக்குத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பார்.

அம்பு பாம்பாகப் பாயும் கதை. வண்டிச் சோற்றை விழுங்கும் அரக்கன் கதை. ஊரே உட்கார்ந்து கேட்டது. "இதெல்லாம் சின்னப் பசங்க சமாச்சாரம்" என்று ஒருத்தர் எழுந்து போனதாக எனக்கு நினைவில்லை. அதே மாதிரிக் கதையை அச்சடித்து, பெரிய எழுத்தில் பேர் போட்டு, பின்னட்டையில் "8 முதல் 12 வயது வரை" என்று போட்டுவிட்டால் போதும், நமக்கு வெட்கம் வந்துவிடுகிறது. கதைக்கு வயது வரம்பு போட்டது கடைக்காரருடைய அலமாரி வசதிக்காகத்தான். அதைப் போய் நாம் சட்டம் மாதிரி எடுத்துக்கொண்டோம்.

இங்கிலாந்திலும் இதே கூத்துதான். ஹாரி பாட்டர் கதைகளுக்குப் பெரியவர்களுக்கென்றே தனி அட்டை போட்டு விற்றார்கள். உள்ளே கதை அதேதான். என் செய்தித்தாள் அட்டைக்கு அங்கேயும் பங்காளிகள் இருக்கிறார்கள் என்று தெரிந்ததில் ஓர் ஆறுதல்.

வீட்டுக்காரர் கேட்பார், "இன்னும் அம்புலிமாமா படிக்கிற வயசா உனக்கு?" காலை நாலு மணிக்கு எழுந்தால் கோடீஸ்வரன் ஆகிவிடலாம் என்று சொல்லும் புத்தகங்களை வரிசையாக அடுக்கி வைத்திருப்பவர் அவர். எழுந்திருப்பது ஏழு மணிக்கு. எங்கள் இருவரில் யார் மாயக்கதை படிக்கிறோம் என்று நான் கேட்பதில்லை.

சரி, அம்புலிமாமாவுக்கே வருகிறேன். தோளில் பிணம், கையில் உருவிய வாள், சுடுகாட்டில் நடக்கும் விக்கிரமாதித்தன். ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படம் என் வயதுக்காரர்களுக்கு மறக்காது. எட்டு வயதில் வேதாளம் மரத்தில் ஏறும் கடைசி வரிக்காகப் படித்தேன். போன வருடம் பழைய இதழ்கள் சில கைக்கு வந்தன. இப்போது நிறுத்தி வைத்தது வேதாளத்தின் கேள்வி. இந்த மூன்று பேரில் யார் செய்த தியாகம் பெரியது? யார் மேல் பாவம்? நியாயம் எல்லாப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும் வழக்குகள் அவை. பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகும். சொன்னால் மௌனம் கலைந்து அதுவரை நடந்தது வீண். மாதக் கடைசியில் முதலாளி முன்னால் கணக்குப் புத்தகத்தோடு நிற்கும் எனக்கு இது நன்றாகப் புரிகிறது. எட்டு வயதில் எப்படிப் புரிந்திருக்கும்?

சரித்திர நாவல் பைத்தியம் தாத்தாவிடமிருந்து வந்தது. அவர் வாலாஜாவில் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. 1950 முதல் 1954 வரை கல்கியில் 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தபோது வாரா வாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்தார். மணியம் படங்கள், நடுநடுவே விளம்பரங்கள் என எல்லாமே அதில் உண்டு. ஓரிடத்தில் ஒரு வாரம் மட்டும் காணோம். அந்த இடத்தில் கோடு போட்ட தாள் ஒன்று ஒட்டியிருந்தது. யாரிடமோ இரவல் வாங்கிப் படித்துவிட்டு, அந்த வாரக் கதையைப் பென்சிலில், தாலுகா ஆபீஸ் கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். நாலு பிள்ளைகளுக்கு அப்பா, ஆபீசில் கடுகடுப்பு என்று பெயர் வாங்கியவர்.

அந்த நாவலின் வந்தியத்தேவன் வாணர் குலத்தவன். வாணர்களின் ஊர் வல்லம், அதாவது வாணபுரம். நம் திருவலம்தான். நான் தினமும் போகும் பஸ் அந்த வழி. கண்டக்டர் "திருவலம் எறங்கு" என்று கத்த, இரும்புப் பாலம் தெரிய, கீழே பொன்னையாறு முக்கால்வாசி மணலாகக் கிடக்க, மடியில் வந்தியத்தேவன் குதிரையைத் தட்டிவிடுகிறான். இவன் வெறும் கற்பனை இல்லை என்பது கூடுதல் குஷி. குந்தவையின் கணவர் வல்லவரையர் வந்தியத்தேவர் என்று தஞ்சைக் கல்வெட்டில் இருக்கிறது. மற்ற சாகசமெல்லாம் கல்கி தந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் தோழியை இழுத்துக்கொண்டு மேல்பாடி போனேன். திருவலத்துக்கு வடக்கே, அதே ஆற்றங்கரை. ராஜராஜன் தன் தாத்தா அரிஞ்சயனுக்காக எழுப்பிய பள்ளிப்படைக் கோயில், அதாவது இறந்த அரசரின் நினைவுக் கோயில், அங்கே இருக்கிறது. தஞ்சாவூர்க் கோபுரத்தை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான், அத்தனை சின்னக் கோயில். கல்லில் கையை வைத்தேன், வெயிலில் சுட்டது. தோழி இரண்டு முறை சுற்றி வந்துவிட்டு, "நந்தினியை எங்க புதைச்சாங்க?" என்றாள். நந்தினி கல்கியின் கற்பனை என்றேன். முகம் தொங்கிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ அவ சாகவே இல்லையா?" என்றாள். நான் என்ன சொல்ல!

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். நாவலைப் படித்துவிட்டு அதுவே வரலாறு என்று சண்டைக்கு வருபவர்கள் பெருகிவிட்டார்கள். கல்வெட்டு ஒன்று சொன்னால், "நாவலில் அப்படி இல்லையே" என்கிறார்கள். இன்னொரு குறை, இளவரசியின் கண்ணையும் இடையையும் வர்ணித்தே மூன்று பக்கம் நகராத சரித்திர நாவல்கள். அந்தப் பக்கங்களைத் திருவலத்துக்கும் சிப்காட்டுக்கும் நடுவே தள்ளிவிடுவேன். சிறுவர் கதைகளில் அந்தத் தொல்லை கிடையாது. பத்து வயது வாசகர் இரண்டாவது பக்கத்தில் புத்தகத்தை மூடிவிடுவார் என்று எழுதுபவருக்குத் தெரியும். அந்தப் பயம் பெரியவர்களுக்கு எழுதுபவர்களுக்கும் கொஞ்சம் இருந்தால் தேவலை. ஆனால் கடைசிப் பக்கத்தில் நரியை நிறுத்தி நீதி சொல்ல வைக்கும் புத்தகங்கள் எனக்கும் வேண்டாம். குழந்தைகளுக்கும் வேண்டாம்.

இத்தனை படித்தும் ஓர் ஏக்கம் தீரவில்லை. 1806 ஜூலை 10, நம் வேலூர்க் கோட்டை. தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை கட்டு, நெற்றியில் குறி இடாதே, தாடியை எடு என்ற ஆங்கிலேயரின் உத்தரவுகளால் கொதித்துப்போன சிப்பாய்கள் பின்னிரவில் எழுந்தார்கள். உள்ளே திப்பு சுல்தானின் பிள்ளைகளும் குடும்பமும் காவலில் இருந்தார்கள். கோட்டையில் திப்புவின் கொடி ஏறியது. சேதி போய், ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்வதற்குள் எல்லாம் சில மணி நேரம். அவர் வந்த தூரமும் நான் தினமும் ஆபீசுக்குப் போகும் தூரமும் ஏறக்குறைய ஒன்றுதான். மக்கான் சிக்னல் பக்கத்தில் நினைவுத் தூண் இருக்கிறது, பச்சை விளக்கு விழுந்ததும் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

அகழிக்கரையில் குதிரைக்குப் புல் அறுத்துப் போடும் ஒரு பையன் இருந்திருப்பான் இல்லையா? அன்றைக்கு ராத்திரி முதல் வெடிச் சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்திருப்பான். திப்பு மகாலில் ஒரு சின்னப் பெண் ஜன்னலைத் திறக்கப் போய், யாரோ கையைப் பிடித்து இழுத்திருப்பார்கள். இந்த இரண்டு பேரையும் வைத்து ஒரு நாவல். வேண்டுமானால் அகழியில் பேசும் முதலை ஒன்றையும் விடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

அப்படி ஒன்று ஏற்கெனவே வந்திருந்தால் கமெண்டில் பெயரைச் சொல்லுங்கள். 8 முதல் 12 வயது என்று போட்டிருந்தாலும் சரி. அட்டை போடாமல் படிக்கிறேன், பூக்கார அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து.