ஆறரை மணி நேரம் யார் அப்பன் வீட்டுச் சொத்து?

விண்டோஸ், லினக்ஸ் என்ற இரண்டு இயங்குதளங்களையும் ஒரே லேப்டாப்பில் போடுவது அரைமணி நேர வேலை என்று வீடியோ போடுகிற மகராசன்களை எல்லாம் பர்மாவில், எங்கள் யாங்கோனில் கொண்டுவந்து குடிவைக்க வேண்டும். லினக்ஸுக்கு இடம் விட விண்டோஸின் பார்ட்டிஷனை, அதாவது வட்டில் அதன் பங்கைச் சுருக்கும்போது கரண்ட் போனால் என்ன ஆகும் என்று ஒருத்தராவது வாயைத் திறக்கிறாரா? "சார்ஜரில் போட்டுக்கொண்டு தொடங்குங்கள்." போட்டேன் சாமி! சார்ஜருக்குக் கரண்ட் யார் தருவது? பழைய லேப்டாப், பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. தெருவில் "மீ லாபீ" (கரண்ட் வந்தாச்சு) என்று பிள்ளைகள் கத்துகிற சத்தம் கேட்ட பிறகுதான் அடுத்த பட்டனில் கையே வைக்க முடியும். 5 ஜிபிக்கு மேலே போகிற உபுண்டு (லினக்ஸில் ஒரு வகை) கோப்பை மொபைல் டேட்டாவில் இறக்கியதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

எனக்கென்ன பொழுதுபோக்கா இது? விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. 11 போட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டுமாம், இந்தக் கிழட்டு லேப்டாப்புக்கு ஏது? சரி, நெட்டுக்கெல்லாம் லினக்ஸ் என்று பார்த்தால், பெரியப்பாவின் உளுந்து வியாபாரக் கணக்கு விண்டோஸில்தான் ஓடும். ஆக இரண்டும் வேண்டும்.

விண்டோஸுக்கோ வட்டு முழுக்கத் தன் பாட்டன் சொத்து என்ற நினைப்பு. 2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ஷட் டவுன் என்றால் ஷட் டவுன் கிடையாது. பாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்றைத் தானாகவே போட்டு வைத்து, பாதி உயிரை வட்டில் எழுதிவிட்டுப் படுத்துக்கொள்கிறது. அந்தப் பக்கம் லினக்ஸிலிருந்து போனால் கோப்பைப் பார்க்கலாம், எழுதக் கூடாது. என் கோப்பு, என் வட்டு, எனக்கே அனுமதி இல்லை!

இதையாவது அணைத்துத் தொலைக்கலாம். கடிகாரம் இருக்கிறதே, அதுதான் வயிற்றெரிச்சல். மதர்போர்டில் இருக்கிற கடிகாரம் உள்ளூர் நேரத்தைக் காட்டுகிறது என்று விண்டோஸ் நம்புகிறது; அது விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துப் பழக்கம். லினக்ஸோ அதில் இருப்பது யூடிசி, அதாவது உலகப் பொது நேரம் என்று நம்புகிறது. அதைவிட இந்தியா ஐந்தரை மணி நேரம் முன்னால், நாம் ஆறரை. ராத்திரி லினக்ஸில் நெட் பார்த்தால் அது நேரத்தைச் சரிபார்த்து, மதர்போர்டில் யூடிசியை எழுதி வைத்துவிடும். காலை ஆறு மணிக்குப் பெரியப்பா விண்டோஸைத் திறந்து பில் போட்டால், அதில் முந்தின நாள் ராத்திரி பதினொன்றரை! நெட் இல்லாத நேரத்தில் அது எப்படித் தானாகத் திருந்தும்? "ஏன்டா தம்பி, ராத்திரி பதினொன்றரைக்கு எவன் வந்து நம்ம கிட்ட உளுந்து மூட்டை எடுத்தான்?" என்று அவர் கேட்கிறார். உளுந்து விலை ஒரே நாளில் ஏறி இறங்குகிற வியாபாரத்தில் தேதி மாறினால் சும்மாவா? மதர்போர்டில் பேட்டரி வைத்த கடிகாரத்தோடு ஐபிஎம் பிசி ஏடி என்ற கம்ப்யூட்டர் வந்தது 1984-இல். இத்தனை வருஷமாகியும் இரண்டு தரப்பும் இதை உட்கார்ந்து பேசித் தீர்க்கவில்லை.

பேசினாலும் பலன் என்ன? 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட் ஒன்று, உலகம் முழுக்க இப்படி இரண்டும் வைத்திருந்த பலருடைய லினக்ஸைத் திறக்கவே விடாமல் செய்தது. அந்த மாதிரிக் கம்ப்யூட்டர்களைத் தொடாது என்று மைக்ரோசாப்ட்காரர்கள் முன்கூட்டியே வாக்குக் கொடுத்திருந்தார்கள். தொட்டது. முறையான திருத்தம் வர 2025 மே மாதம் ஆனது.

கடிகாரத்துக்கு லினக்ஸ் பக்கம் ஒரு வரிக் கட்டளை இருக்கிறது, உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள் என்று சொல்ல. அடித்தால் வேலை நடக்கிறது. ஆனால் நேரத்தைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அடியில் ஓர் எச்சரிக்கை: இதை முழுதாக ஆதரிக்க முடியாதாம், கோடைக்காலத்தில் கடிகாரத்தை மாற்றி வைக்கும்போது சிக்கல் வருமாம். பர்மாவில் எந்தப் புண்ணியவான் ஐயா கோடைக்குக் கடிகாரத்தை மாற்றி வைக்கிறான்?