பாப் க்ராட்சிட்டின் சம்பளம்

டிசம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் ஆளுக்கொரு வாசிப்புப் பட்டியல் போடுகிறார்கள். நூறு புத்தகம், நூற்றிருபது புத்தகம் என்று பார்க்கும்போது மலைப்பாக இருக்கிறது. இவர்கள் வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்ற சந்தேகமும் வருகிறது. என் பட்டியல் சிறியது. அதிலும் பாதி, மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகனுக்கும் ஏழாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கும் இரவில் வாய்விட்டு வாசித்துக் காட்டியவை. அவற்றைத் தனிக் கணக்கில் எழுது என்கிறார் என் கணவர். மாட்டேன். பெரியவர்களுக்கென்று ஆசையாக வாங்கி நூறாம் பக்கத்தில் மூடி வைத்த தடித்த நாவல்கள் மூன்று அலமாரியில் என்னை முறைத்துக்கொண்டிருக்கின்றன. இந்த ஆண்டு என்னைத் தூங்கவிடாமல் செய்தவை அவை அல்ல.

நான் தணிக்கையாளர் அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதுகிறவள். அந்தப் புத்தியோ என்னவோ, இந்த மாதம் வரிசையாகக் கிறிஸ்துமஸ் கதைகளை எடுத்து வாசித்தபோது ஒரு விஷயம் கண்ணில் உறுத்திக்கொண்டே இருந்தது. நல்ல கதைகள் எல்லாவற்றிலும் சம்பளம் வருகிறது, வாடகை வருகிறது, கரி வாங்கும் செலவு வருகிறது, கடன் வருகிறது. சம்மனசுகள் என்கிற தேவதூதர்களும் நட்சத்திரமும் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் கதையை நகர்த்துவது காசு.

டிக்கன்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கேரல்' புத்தகத்தையே எடுத்துக்கொள்வோம். 1843 டிசம்பர் 19 அன்று வெளிவந்தது. பேய்க்கதை என்று சொல்லித்தான் மகனை உட்காரவைத்தேன். ஆனால் அவன் பிடித்துக்கொண்டது பேயை அல்ல, கரித்தொட்டியை. முதலாளி ஸ்க்ரூஜ் கரித்தொட்டியைத் தன் அறையிலேயே வைத்துக்கொள்கிறார். குமாஸ்தா பாப் க்ராட்சிட்டின் அடுப்பில் ஒரே ஒரு கரித்துண்டுதான் எரிவதுபோல் தெரிகிறது. அவர் கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு மெழுகுவர்த்தியில் குளிர்காயப் பார்க்கிறார். கிறிஸ்துமஸ் அன்று விடுமுறை கொடுத்தால், வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் தரவேண்டியிருக்கிறதே என்று முதலாளி முனகுகிறார். பாப்பின் சம்பளம் வாரத்துக்கு 15 ஷில்லிங். இதைக் கதையிலேயே சொல்லிவிடுகிறார் டிக்கன்ஸ்.

அந்தப் புத்தகம் விற்ற விலை 5 ஷில்லிங். அதாவது பாப் க்ராட்சிட், தன் கதையைத் தானே வாங்கிப் படிக்க வேண்டுமானால் வாரச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்திருக்க வேண்டும். வீட்டில் ஆறு பிள்ளைகள். வாங்கியிருக்க மாட்டார்.

எழுதியவருக்கும் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. பொன் விளிம்பு, கையால் வண்ணம் தீட்டிய படங்கள் என்று செலவை இழுத்துவிட்டுக்கொண்டார். முதல் 6,000 பிரதிகளும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளுக்குள் விற்றுத் தீர்ந்தும், ஆயிரம் பவுண்டு எதிர்பார்த்த இடத்தில் கைக்கு வந்தது 230 பவுண்டு. அடுத்த மாதமே கள்ளப் பதிப்புக்காரர்கள் மேல் வழக்குப் போட்டார், ஜெயித்தார், எதிரிகள் திவாலாகிவிட்டதால் வழக்குச் செலவு சுமார் 700 பவுண்டும் அவர் தலையிலேயே விழுந்தது. இதைக் கேட்டு மகன் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

மகள் சிரிக்கவில்லை. அவளுக்கு வயது பன்னிரண்டு. பன்னிரண்டு வயதில் டிக்கன்ஸ் லண்டனில் ஷூ பாலிஷ் தொழிற்சாலையில் டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். அப்பா கடனுக்காக மார்ஷல்சி சிறையில் இருந்தார். கதை முடிந்ததும் அவள் கேட்ட கேள்வி: "ஸ்க்ரூஜ் திருந்திச் சம்பளத்தை உயர்த்தினாரே, எவ்வளவு உயர்த்தினார்?" புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். தொகை இல்லை. 15 ஷில்லிங்கைச் சொன்ன மனிதர் இதைச் சொல்லாமல் நழுவிவிட்டார். உயர்த்தினேன் என்று சொல்லிவிட்டு எவ்வளவு என்று எழுதாத கடிதங்களை அலுவலகத்தில் நானும் பார்த்திருக்கிறேன்.

ஓ. ஹென்றி அப்படி நழுவவில்லை. கணவனுக்குக் கடிகாரச் சங்கிலி வாங்கத் தன் கூந்தலையே விற்கும் டெல்லாவின் கதை, 1905. கையிருப்பு 1 டாலர் 87 சென்ட். கூந்தலுக்குக் கிடைத்தது 20 டாலர். சங்கிலி 21 டாலர். வீட்டுக்குத் திரும்பும்போது கையில் 87 சென்ட். கணக்கு நேராகிறது! வாடகை வாரம் 8 டாலர், கணவன் ஜிம்மின் சம்பளம் 30 டாலரிலிருந்து 20 டாலராகக் குறைந்துவிட்டது என்பதும் கதையிலேயே இருக்கிறது. மகள் அதற்குள் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தாள். கையிருப்பில் 60 சென்ட் ஒற்றை சென்ட் காசுகள் என்றால், மீதி 1 டாலர் 27 சென்ட் ஒற்றை சென்ட் இல்லாமல் எந்தக் காசில் வரும்? 2 சென்ட் நாணயமும் அமெரிக்காவில் ஒரு காலத்தில் புழங்கியது என்று சொல்லிச் சமாளித்தேன்.

அந்த எழுத்தாளரே வங்கிப் பணத்தைக் கையாடிய வழக்கில் 1898 முதல் 1901 வரை ஓஹையோ சிறையில் இருந்தவர். அப்பா வியாபார விஷயமாக வெளியூர் போயிருக்கிறார் என்று அவருடைய மகளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். உள்ளே இருந்தபடி அவர் எழுதி, 1899 டிசம்பரில் ஒரு பத்திரிகையில் வந்ததும் கிறிஸ்துமஸ் கதைதான். பிள்ளைகளிடம் இதைச் சொன்னேன். "பண்டிகை நேரத்தில் ஏன் கடன், ஜெயில் என்று பேசிக்கொண்டிருக்கிறாய்?" என்று அக்கா கடிந்துகொண்டாள். எங்கள் வீட்டில் பண்டிகைத் துணி எந்தக் கடையில் எடுக்கிறோம் என்பதைப் பார்த்தே அந்த வருஷம் கை தாராளமா இறுக்கமா என்று கண்டுபிடிக்கிற பிள்ளைகள், அக்கா, இவர்கள். நாம் மறைப்பது நமக்காக.

ரேமண்ட் பிரிக்ஸின் 'ஃபாதர் கிறிஸ்துமஸ்' (1973) மகனுக்கு உயிர். அதில் வரும் தாத்தா ஒரு தொழிலாளி. அலாரம் அடித்ததும் எரிச்சலோடு எழுகிறார், டீ போடுகிறார், மான்களுக்குத் தீனி வைக்கிறார், குளிரையும் புகைபோக்கிகளையும் திட்டிக்கொண்டே வேலைக்குக் கிளம்புகிறார். வழியில் ஒரு பால்காரரைச் சந்திக்கிறார். பிரிக்ஸின் அப்பாவே பால்காரர்தான். கடைகளில் கண்ணாடிக் காகிதம் சுற்றி விற்கும் கிறிஸ்துமஸ் புத்தகங்களில் பரிசுகள் எங்கிருந்தோ கொட்டுகின்றன. ஒருவருக்கும் களைப்பே வருவதில்லை. அந்த வகையை நான் வாங்குவதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது.

ஆண்டர்சனின் தீக்குச்சி விற்கும் சிறுமியின் கதையை வாசித்த இரவு என் மாமியாரும் கூடத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். கோவில்பட்டிப் பக்கம் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது வீட்டிலேயே தீப்பெட்டி ஒட்டியவர். சிறுமி நாள் முழுவதும் ஒரு காசுக்கும் விற்கவில்லை, வீட்டுக்குப் போனால் அப்பா அடிப்பார் என்ற இடம் வந்தபோது மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மாமியார் அழவில்லை. "விற்றவள் கதை சரி, அந்தக் குச்சியைச் செய்தவளுக்கு என்ன கூலி கொடுத்தார்களாம்?" என்றார். பிறகு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்து, பசை காய்ந்தால் தோல் எப்படி உரியும் என்று பேரனுக்குக் காட்டினார். ஆச்சியின் விரலை அவன் அவ்வளவு நேரம் பார்த்து நான் பார்த்ததில்லை. இந்தக் கதையின் முடிவை மாற்றி, சிறுமியைப் பணக்கார வீட்டில் சேர்த்துவிடும் பதிப்புகளும் உண்டு. அவை எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

எனக்கென்று மட்டும் வாசித்ததில் முதலிடம் கிளேர் கீகனின் 'ஸ்மால் திங்ஸ் லைக் தீஸ்' (2021). இரண்டு மாலைகளில் முடித்துவிடலாம். 1985, அயர்லாந்தின் நியூ ராஸ் ஊர், கிறிஸ்துமஸ் நெருங்குகிறது. கரி வியாபாரி பில் ஃபர்லாங்குக்கு ஐந்து பெண் பிள்ளைகள். கன்னியர் மடத்துக்குக் கரி இறக்கப் போகிற இடத்தில், கரிக்கொட்டகைக்குள் அடைத்து வைக்கப்பட்ட ஒரு பெண்ணைப் பார்க்கிறார். மடத் தலைவி அவருக்குத் தேநீர் கொடுக்கிறார், உறையில் பணமும் வைத்துக் கொடுக்கிறார். அவருடைய பெண்கள் படிக்கும், படிக்க வேண்டிய பள்ளியும் அந்த மடத்தைச் சேர்ந்ததுதான். இப்படிக் கன்னியர் மடங்கள் பெண்களை அடைத்து வைத்துக் கூலியில்லாமல் வேலை வாங்கிய மாக்டலீன் சலவைக்கூடங்களில் கடைசியானது மூடப்பட்டது 1996இல். அயர்லாந்து அரசு மன்னிப்புக் கேட்டது 2013இல். ஊருக்கே தெரிந்த ஒன்று எப்படி அவ்வளவு காலம் நடந்தது? பள்ளிக் கட்டணமும் வாடிக்கையாளர் கணக்கும் மனிதர்களின் வாயை எப்படிக் கட்டுகின்றன என்று கீகன் காட்டுகிறார். பெண்ணைப் பெற்றவள் என்பதால் எனக்குக் கோபத்தைவிட பயம்தான் அதிகம் வந்தது. நான் என்ன செய்திருப்பேன் என்று தெரிந்தே இருந்ததால் வந்த பயம். ஃபர்லாங் சிறுவனாக இருந்தபோது ஒரு கிறிஸ்துமஸுக்கு அப்பாவையோ, ஐந்நூறு துண்டுப் படப்புதிரையோ கேட்டவர். கிடைத்தவற்றில் ஒன்று, பழைய 'கிறிஸ்துமஸ் கேரல்' பிரதி.

இத்தனைக்கும் பிறகு, இந்த ஆண்டு வாசித்த கிறிஸ்துமஸ் கதைகளில் சிறந்தது எது என்று கேட்டால் ஒரு தீபாவளிக் கதையைத்தான் சொல்வேன். கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்'. யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் போட்டி போடுவதில் தொடங்கும். தீபாவளிக்கு முந்தைய இரவு, உடம்பெல்லாம் சிரங்கோடு ஓர் அநாதைச் சிறுவன் அந்த ஏழை வீட்டு வாசலுக்கு வந்து சேர்கிறான். அவன் பெயர் ராஜா. அந்தத் தாய் அவனுக்கும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறாள்; அப்பாவுக்கென்று எடுத்த துண்டு அவன் இடுப்புக்குப் போகிறது. இடைசெவல் கிராமத்துக்காரர் எழுதிய இந்தக் கதையில் பனி கிடையாது, கலைமான் கிடையாது. சத்திரத்தில் இடமில்லாமல் முன்னணையில் கிடத்தப்பட்ட குழந்தை இயேசுவைப் பற்றி ஞாயிறுதோறும் கேட்கிற எங்கள் பிள்ளைகளுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. "அப்போது அப்பாவுக்கு என்ன?" என்று மட்டும் மகன் கேட்டான். அந்த வீட்டில் வேறு துண்டு வாங்கப் பணம் இல்லை என்று மகளே அவனுக்குச் சொல்லிவிட்டாள்.

கிறிஸ்துமஸ் வருகிற, கூலியும் கடனும் ஒளிவுமறைவில்லாமல் வருகிற, பிள்ளைகளுக்கு வாய்விட்டு வாசிக்கத் தோதான தமிழ்க் கதைகள் உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். பனி வேண்டாம். கடைசிப் பக்கத்தில் நீதி வேண்டாம். பொங்கலையொட்டி வரும் புத்தகக் கண்காட்சிக்கு ஒதுக்கியிருப்பது 2,000 ரூபாய். பஸ் டிக்கெட்டும் அதற்குள்ளேதான்.