எஸ்எஃப்டிபியும் எஃப்டிபிஎஸ்ஸும் ஒன்றல்ல
அண்ணா, "எஸ்எஃப்டிபி என்றால் எஸ்எஸ்எல் (குறியாக்கம்) போட்ட எஃப்டிபி (கோப்பு அனுப்பும் நெறிமுறை), டர்பனிலிருந்து கேப் டவுன் சர்வருக்கு பைத்தானின் எஃப்டிபிலிப் நூலகமே போதும், போர்ட்டை 22 ஆக்குங்கள்" என்கிறீர்கள். ஓடாது. நீங்கள் சொல்வது எஃப்டிபிஎஸ், அதற்குப் போர்ட் 21 அல்லது 990. எஸ்எஃப்டிபி, எஸ்எஸ்எச் எனும் பாதுகாப்பான தொலை இணைப்புக்குள் ஓடும் தனி நெறிமுறை. 22-இல் சர்வர் "எஸ்எஸ்எச்-2.0" என்று பேச்சைத் தொடங்கும்; எஃப்டிபிலிப் எதிர்பார்ப்பதோ 220 என்ற எஃப்டிபி வரவேற்புக் குறியீடு. இணைப்பு அமையாது.

எஸ்எஃப்டிபி பேசும் பைத்தான் நூலகமான பாராமிகோவை எடுங்கள். கோப்பை ஏற்றும் புட் முடிந்ததும் அது சர்வரில் கோப்பின் அளவைச் சரிபார்க்கும். வந்த கோப்பை அந்த நொடியே வேறு ஃபோல்டருக்கு நகர்த்தும் சர்வரென்றால், கோப்பு முழுதாகப் போய்ச் சேர்ந்தும் பிழை காட்டும் (பலர் குழம்புவது இங்கேதான்). அப்போது புட்டில் இந்தச் சரிபார்ப்புக்கான கன்ஃபர்மை ஃபால்ஸ் ஆக்குங்கள். பாராமிகோவின் ஆட்டோஆட்பாலிசி அமைப்பை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டாதீர்கள். முன்பின் தெரியாத எந்த ஹோஸ்ட் கீக்கும் (சர்வரின் அடையாளச் சாவி) அது தலையாட்டிவிடும்.