குழந்தையின் சிறுநீரில் கிருமியே இல்லையா?
வெளியில் போன இடத்தில் குழந்தைக்கு அவசரமாக வந்தால் எங்கே சிறுநீர் போனாலும் பரவாயில்லை, அதில் கிருமியே கிடையாது என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். அது பழைய கதை. சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் வழக்கமான பரிசோதனையில் தொற்று உண்டாக்கும் சில பாக்டீரியாக்கள்தான் வளரும், மற்றவை இருந்தாலும் தெரியாது. 2010களில் முறையை மாற்றிப் பார்த்தபோது நோயில்லாதவர்களின் சிறுநீர்ப்பையிலும் பாக்டீரியா இருப்பது தெரிந்தது. ஆபத்து பெரும்பாலும் குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் சைட்டோமெகலோ வைரஸ் (வயிற்றில் இருக்கும் சிசுவைப் பாதிக்கக்கூடிய ஒரு வைரஸ்) தொற்றிய சின்னக் குழந்தை, பார்க்க நன்றாக இருந்துகொண்டே மாதக்கணக்கில் அதைச் சிறுநீரில் வெளியேற்றும், கர்ப்பிணிகளுக்கு அது லேசான விஷயமில்லை. அப்புறம், இரண்டு வயதுப் பிள்ளை காலை இறுக்கிக்கொண்டு 'வருது' என்று நெளியும்போது அடக்கச் சொல்லி என்ன பயன், ஓரமாக மண் தரையில் விடுங்கள். குளம், ஓடை, பிள்ளைகள் விளையாடும் மணல் பக்கம் மட்டும் வேண்டாம், முடிந்ததும் இருவரும் கை கழுவுங்கள்.