டயர் கடைக்காரர்களே, அந்த நாலு இலக்கத்தை ஏன் சொல்ல மாட்டீர்கள்?

புது டயர் என்று 14,000 ரூபா கொடுத்து பைக்கின் பின் சில்லுக்குப் போட்டேன். இரண்டு மாதம்தான் ஆகிறது. ஒக்டோபர் மழை கொட்டி ஓய்ந்த ஒரு பின்னேரம், வெள்ளவத்தையில் காலி வீதி மஞ்சள் கடவையில் ஒரு அம்மா பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார். பிரேக் பிடித்தேன். பின் சில்லு அப்படியே பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போனது. அவர்களுக்கு ஒரு முழம் இருக்கும்போதுதான் பைக் நின்றது. அந்தப் பிள்ளை பார்த்த பார்வையை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். செயின் பக்கம், 'டொட்' (DOT) என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசியில் 2319 என்று நாலு இலக்கம். 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம், அதாவது ஜூன் மாதம் செய்த டயர். 2025இல் புதுசு என்று சொல்லி என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

கடைக்குப் போய்க் கேட்டேன். "புது டயர் முதலில் வழுக்கத்தான் செய்யும் தம்பி" என்றார் முதலாளி. முதல் நூறு, இருநூறு கிலோமீற்றர் அப்படித்தான், எனக்கும் தெரியும். நான் ஓடியது ஆயிரத்துக்கு மேல். இலக்கத்தைக் காட்டினேன். "ஓடாத டயர் எப்படிப் பழசாகும்?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறார்!

ஓடாமலும் பழசாகும் ஐயா. சூடு, வெயில், காற்றில் இருக்கும் ஓசோன் எல்லாம் சேர்ந்து ரப்பரை இறுக வைக்கும். இறுகிப்போன ரப்பர் ஈர வீதியைப் பிடிக்காது. இருட்டில், குளிர்ச்சியாக அடுக்கி வைத்தால் சில வருடங்களுக்குப் பெரிதாகக் கெடாது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இவர் வைத்திருந்தது எங்கே? கடை வாசலில், தகரத்துக்குக் கீழே, காலை வெயில் நேரே படுகிற கம்பியில்! போதாததற்குக் கறுப்பு பாலிஷ் வேறு. அது கழுவுப்பட்டுப் போன பிறகுதான் பக்கச் சுவரில் மயிரிழை மயிரிழையாக வெடிப்புகள் தெரிகின்றன. பூட்டி ஓடி ஐந்து வருடம் தாண்டினால் வருடா வருடம் தெரிந்த ஆளைக் கொண்டு பரிசோதியுங்கள், எப்படி இருந்தாலும் செய்த நாளிலிருந்து பத்து வருடத்தோடு கழற்றிவிடுங்கள் என்று டயர் கம்பனியான மிஷெலினே சொல்கிறது. எனக்கு விற்ற டயர் அந்தப் பத்தில் ஆறை விற்பதற்கு முன்பே தாண்டிவிட்டது.

கடைக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை. "இன்னும் ஓடும் மச்சான்" என்கிற நம் ஆட்களைக் கண்டாலும் எனக்குக் கொதிக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து ஐந்து வருடம் புது பைக் வரவில்லை. எல்லோரும் பழையதைத்தான் உருட்டினோம், கையில் காசும் இல்லை, சரி. அதற்காக டயரின் பள்ளத்துக்குள் இருக்கும் சின்ன மேடு மேல்மட்டத்தோடு சமமாகும் வரைக்குமா ஓடுவது? பக்கத்தில் 'டிடபிள்யூஐ' (TWI) என்று எழுதி அந்த மேடு எங்கே இருக்கிறது என்று காட்டியே தருகிறார்கள். அது சமமானால் டயர் முடிந்தது, பேச்சே இல்லை. மழை நகரத்தில் அதற்கு முன்பே மாற்ற வேண்டும், ஏனென்றால் தண்ணீரை வெளியே தள்ளுவது அந்தப் பள்ளங்கள்தான். காலி வீதியிலும் பேஸ்லைன் வீதியிலும் நேராகவே ஊர்ந்து ஊர்ந்து நடுப்பகுதி தட்டையாகிவிடுகிறது. ஓரத்தில் பள்ளம் ஆழமாகத் தெரிகிறதே என்று அதைக் காட்டி வாதாடுகிறார்கள். நேரே பிரேக் பிடிக்கும்போது தரையில் இருப்பது நடுப்பகுதி அல்லவா?

எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்று மட்டும் கேட்கிறோம். காற்று குறைவாக ஓடினால், பின்னால் இரண்டு பேரை ஏற்றினால், அந்தக் கணக்கெல்லாம் குறைந்துவிடும். எப்போது செய்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. 1876இல் ஹெனரத்கொடையில் ரப்பர் மரம் நட்ட நாடு இது, உலகத்துக்கே டயர் ஏற்றுமதி செய்கிற நாடு. இங்கே ஒரு டயரின் வயதைக் கேட்டால் முறைக்கிறார்கள்!

நேற்று பஞ்சிகாவத்தையில் வேறு கடைக்குப் போனேன். பூட்டுவதற்கு முன்னால் டயரைத் திருப்பி இலக்கத்தைப் படித்தேன். 1325. அதை பில்லில் எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். பையன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எழுதித் தந்தார். எல்லாக் கடையிலும் கேட்காமலே எழுதுங்கள் ஐயா, ஒரு நிமிட வேலைதானே.