"உங்க ஆளுங்ககிட்ட கேளுங்க" என்று சொன்னவர்களுக்கு

ஆய்வு உதவித்தொகைக்கான ஒரு பல்கலைக்கழக நேர்காணலில் ஒரு முஸ்லிம் மாணவியைக் கேலி செய்த விஷயத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நண்பர்கள் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். சம்பந்தப்பட்ட பெண்ணும் தன் பெயர் பொதுவெளியில் இழுபடுவதை விரும்பவில்லை. ஆனால் அந்தப் பதிவுகளுக்குக் கீழே விழுந்து கிடக்கும் சிரிப்புப் பொம்மைகளைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

அரபுத் தமிழ்க் கையெழுத்துப் பிரதிகளை, அதாவது தமிழை அரபு எழுத்தில் எழுதிய பழைய பிரதிகளை, ஆராய உதவித்தொகை கேட்டு வந்த ஒரு மாணவியிடம், "இதுக்கெல்லாம் உங்க ஆளுங்ககிட்டயே கேட்கலாமேம்மா, அவங்ககிட்ட இல்லாத பணமா?" என்று குழுவில் இருந்த ஒருவர் கேட்கிறார். கேட்டவரும் சிரித்தார், பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். இப்போது என் நட்புப் பட்டியலில் இருக்கும் படித்தவர்களும் சிரிக்கிறார்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். இஸ்லாத்தையும் முஸ்லிம் சமூகங்களையும் பற்றிய ஆய்வு முஸ்லிம்களுக்குக் கொடுக்கும் சலுகை கிடையாது. அது பொது அறிவு. அதைப் பொதுப் பணத்தில்தான் செய்ய வேண்டும். சோழர் காலக் கல்வெட்டைப் படிக்க வரும் மாணவரிடம் "கோயில் அறங்காவலரிடம் போய்க் கேள்" என்று எந்தக் குழுவாவது சொல்லுமா? பௌத்தம் படிக்க வருகிறவரிடம் "விகாரையில் கேள்" என்று சொல்லுமா? சொல்லாது, சொல்லவும் கூடாது. அப்புறம் இந்தப் பெண்ணிடம் மட்டும் ஏன்?

"மதத்துக்கு வரிப்பணமா?" என்று உடனே ஒருவர் வருவார், வந்துவிட்டார். ஐயா, மதத்தைப் பரப்புவது வேறு, மதத்தைப் பற்றி ஆராய்வது வேறு. ஒரு கையெழுத்துப் பிரதியில் இருக்கும் மை எந்தக் காலத்தது, அதில் உள்ள தமிழ் எந்த வட்டாரத்துத் தமிழ், அதை எழுதியவர் யாருக்காக எழுதினார் என்று தேடுகிறவர் யாரையும் மதம் மாற்றப் போவதில்லை. கல்லூரி ஆசிரியர்களுக்கான தகுதித் தேர்வான யுஜிசி நெட்டிலேயே அரபுப் பண்பாடும் இஸ்லாமிய ஆய்வும் ஒரு பாடம். தேர்வு வைக்கும் அளவுக்கு அது கல்வித்துறை. பணம் கொடுக்கும்போது மட்டும் மதமாகிவிடுமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அரசுகள் இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்ததே இல்லை என்பது போலப் பேசுகிறார்கள். தமக்குத் தேவைப்பட்டபோதெல்லாம் கொடுத்திருக்கின்றன. 1780இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் கல்கத்தா மதரசாவைத் தொடங்கினார். ஹனஃபி என்ற இஸ்லாமியச் சட்டப் பிரிவின் நூலான ஹிதாயா 1791இல் ஆங்கிலத்தில் வந்ததும் அவர் எடுத்த முயற்சியால்தான். கம்பெனியின் நீதிமன்றங்களை நடத்த அந்தச் சட்டம் வேண்டியிருந்தது. டச்சுக்காரர்களுக்கு இன்றைய இந்தோனேசியாவில் ஆச்சே போர் இருந்தது, அதற்கு ஆலோசனை சொல்ல மக்காவரை போய் வந்த ஸ்னூக் ஹுர்க்ரோன்யே என்ற இஸ்லாமியவியல் அறிஞர் இருந்தார். 1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்கா பயந்துபோய் அடுத்த ஆண்டே ஒரு சட்டம் போட்டது. அரபு உட்படப் பல மொழிகளைப் படிக்க மத்திய அரசுப் பணம் பல்கலைக்கழகங்களுக்குப் போனது. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே 'பாதுகாப்பு' இருக்கிறது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு மறுபடியும் பணம் கொட்டியது.

அதாவது எங்களை ஆள வேண்டும் என்றால் பணம் உண்டு. எங்களைக் கண்டு பயம் வந்தால் பணம் உண்டு. எங்களைத் தெரிந்துகொள்ள மட்டும் கிடையாது. எனக்கு வலிப்பது இதுதான்.

என் கதையைச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது பெண்கள் பாடிய சூஃபிப் பாடல்கள், அதாவது இஸ்லாமிய ஞானப் பாடல்கள். கச்சிப்பிள்ளை அம்மாள், தென்காசி ரசூல் பீவி போன்றவர்கள். இவர்கள் பெயரைக் கேள்விப்படாதவர்கள் தமிழ்த்துறைகளுக்குள்ளேயே இருக்கிறார்கள், அது தனிச் சோகம். உதவித்தொகை எதுவும் அமையாதபோது என் வாப்பாதான் சொன்னார், "நம்ம ஆளுங்ககிட்ட கேட்டுப் பாரும்மா" என்று. போனேன். ஒரு அறக்கட்டளை. மரியாதையாக உட்கார வைத்தார்கள், பெண் பிள்ளை படிக்கிறாள் என்று உண்மையாகவே சந்தோஷப்பட்டார்கள். பொறியியலா, மருத்துவமா என்று கேட்டார்கள். தலைப்பைச் சொன்னதும் அறையே அமைதியாகிவிட்டது. "இதெல்லாம் மார்க்கத்துக்கு முரணான விஷயமாச்சே, இதை எதுக்குத் தோண்டி எடுக்கணும்?" என்றார் ஒரு பெரியவர். அவர் கெட்டவர் இல்லை. அவர் நம்பிக்கை அது. தர்காவும் ஞானப் பாடல்களும் வழிகேடு என்று நினைக்கும் ஒருவர் அதை ஆராயத் தன் பணத்தைத் தர வேண்டும் என்று நான் எந்த நியாயத்தில் கேட்பேன்? வேறு தலைப்பு எடுத்தால் தருகிறோம் என்றார்கள். நான் எடுக்கவில்லை.

பிறகு வெளிநாட்டு நிதி ஒன்றுக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தேன். என் மீது அக்கறை உள்ள ஒரு ஆசிரியர் முன்வரைவைப் படித்துவிட்டு, "எங்கேயாவது தீவிரவாதம்னு ஒரு வார்த்தை வர்ற மாதிரி பாத்துக்கம்மா, அப்பதான் திரும்பிப் பாப்பாங்க" என்றார். இறைவனைக் காதலனாக நினைத்து உருகிய பெண்களின் பாட்டில் தீவிரவாதத்தை நான் எங்கே கொண்டுபோய் நுழைப்பது? அன்று இரவு அழுதேன். சொல்வதற்கு வெட்கமில்லை.

கடைசியில் ஒரு உதவித்தொகை கிடைத்தது, அதுவும் மாதக்கணக்கில் வராமல் கிடக்கும். வரும்போது மொத்தமாக வரும், அதற்குள் வாங்கிய கடன் அதைவிடப் பெரிதாக இருக்கும். இதைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. எந்தத் துறை ஆய்வு மாணவரைக் கேட்டாலும் இதே கதைதான்.

"உங்க ஆளுங்ககிட்ட கேளுங்க" என்பவர்கள் சொல்லும் வழியில் நான் நடந்து பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன். கொடுப்பவர் நல்லவரா கெட்டவரா என்பது பிரச்சினையே இல்லை. தனியார் கொடை என்றால் அதோடு கொடையாளியின் விருப்பமும் வரும். "இஸ்லாமிய மரபே வக்ஃபில்தானே கல்வியை வளர்த்தது?" என்று, அறப்பணிக்கென எழுதிவைக்கும் சொத்தைச் சொல்லி, நம்மவர்களே என்னிடம் கேட்கிறார்கள். உண்மைதான், பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். பாக்தாதில் 1067இல் திறந்த நிஜாமிய்யா கல்விக்கூடத்தில் பேரறிஞர் இமாம் கஸ்ஸாலி கற்பித்தார். ஆனால் அது ஷாஃபிஈ என்ற ஒரே மத்ஹபுக்கென்று, அதாவது ஒரே சட்டப் பிரிவுக்கென்று, நிஜாமுல் முல்க் என்ற அமைச்சர் தன் வக்ஃபாகக் கட்டியது. நான்கு மத்ஹபுகளும் ஒரே கூரைக்குக் கீழ் கற்பிக்கப்பட 1230களில் கலீஃபா முஸ்தன்சிர் முஸ்தன்சிரிய்யா கல்விக்கூடத்தைக் கட்ட வேண்டியிருந்தது. அரசு வந்துதான் கதவை அகலத் திறந்தது. வக்ஃப் செய்தவரின் நிபந்தனையை இறைச்சட்டத்தின் வாசகம் போல மதிக்க வேண்டும் என்று ஃபிக்ஹு எனும் இஸ்லாமியச் சட்டவியலில் விதியே இருக்கிறது. அந்த நிபந்தனைக்குள் என் பாடல்கள் வராவிட்டால் நான் எங்கே போவேன்?

2005 டிசம்பரில் சவூதி இளவரசர் அல்வலீத் ஹார்வர்டுக்கும் ஜார்ஜ்டவுனுக்கும் தலா 2 கோடி டாலர் கொடுத்தபோது, வெளிநாட்டுப் பணம் ஆய்வை வளைத்துவிடும் என்று எத்தனை பேர் கூச்சல் போட்டார்கள்! அந்தக் கவலையை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் அரசும் கொடுக்கக் கூடாது, வெளிநாட்டவரும் கொடுக்கக் கூடாது, சமூகம் கொடுத்தால் அது மதவாதம் என்றால் பிறகு யார்தான் கொடுப்பது? நேராகவே சொல்லிவிடுங்கள், இந்த ஆய்வே வேண்டாம் என்று. அதையாவது நேர்மை என்று எடுத்துக்கொள்வேன்.

வேலை கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு நீளமாகப் பதில் சொல்லப் போவதில்லை. இந்தக் கேள்வியை எந்த வரலாற்று மாணவரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம், கேட்டால் வரலாற்றுத் துறையையே மூட வேண்டியிருக்கும்.

இந்தத் துறைக்குப் பணம் ஏன் கூடுதலாக வேண்டும் என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. மொழிகளைக் கற்கவே ஆண்டுகள் போய்விடும். அந்தப் பெண் எடுத்திருக்கும் வேலைக்கு அரபு எழுத்து தெரிய வேண்டும், பழைய தமிழ் தெரிய வேண்டும், ஃபார்சி கொஞ்சம் தெரிய வேண்டும், பிரதியில் புள்ளி அழிந்து போயிருந்தால் எந்த எழுத்து என்று ஊகிக்கும் பழக்கம் வேண்டும். 1572இல் வண்ணப்பரிமளப் புலவர் பாடிய ஆயிர மசலா என்ற கேள்வி-பதில் நூல்தான் இன்று நமக்கு முழுமையாகக் கிடைக்கும் மிகப் பழைய இஸ்லாமியத் தமிழ் நூல் என்கிறார்கள். அந்தக் கேள்வி-பதில் கதை ஜாவாவிலும் மலாயிலும் தமிழிலும் எப்படி உருமாறியது என்று மூன்று மொழிகளையும் படித்து ரோனித் ரிச்சி என்ற ஆய்வாளர் 2011இல் ஒரு புத்தகமே எழுதினார். அவருக்கு என் வணக்கம். அப்படி ஆற அமரப் படித்து எழுத நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வசதி இருக்கிறது?

நம்மிடமும் செய்தவர்கள் உண்டு. இலங்கையிலிருந்து வந்த ம. மு. உவைஸும் பீ. மு. அஜ்மல்கானும் சேர்ந்து எழுதிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டது மதுரை காமராசர் பல்கலைக்கழகம். அரசுப் பல்கலைக்கழகம்! அன்று யாரும் "உங்க ஆளுங்ககிட்ட போய் அச்சடிங்க" என்று சொல்லவில்லை. இன்றும் எங்கள் துறையில் அந்தத் தொகுதிகளைத் தொடாமல் யாரும் ஒரு பக்கம்கூட எழுத முடியாது.

சிறுபான்மைச் சமூக ஆய்வு மாணவர்களுக்கு மத்திய அரசு கொடுத்து வந்த மௌலானா ஆசாத் உதவித்தொகையை இந்த விவாதத்தில் இழுக்காதீர்கள், அது எந்தப் பாடத்துக்கும் உரியது, இஸ்லாமிய ஆய்வுக்கென்று இருந்தது இல்லை என்று ஒரு நண்பர் திருத்துகிறார். சரி, தெரியும். 2009இல் தொடங்கியது, ஆறு சிறுபான்மைச் சமூகங்களுக்கும் உரியதாக இருந்தது, மற்றத் திட்டங்களோடு ஒன்றன்மேல் ஒன்றாக வருகிறது என்று காரணம் சொல்லி நிறுத்துவதாக 2022 டிசம்பரில் மக்களவையில் அறிவித்தார்கள். ஆனால் தங்கள் சமூகத்தின் வரலாற்றைத் தாங்களே எழுத வந்த முதல் தலைமுறைப் பிள்ளைகள் பலர் அந்தப் படியேறித்தான் வந்தார்கள். எங்களை மட்டும் பார்க்கவும் வேண்டாம். பட்டியல் சாதி மாணவர்கள் வெளிநாட்டில் படிக்க உதவும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையின் விதிகளில், இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வு ஆகியவற்றுக்குப் பணம் கிடையாது என்று அதே 2022இல்தான் சேர்த்தார்கள். தன் வாழ்க்கையைத் தானே ஆராய்ந்து எழுதக் கூடாது என்று ஒருவரிடம் சொல்வது எவ்வளவு பெரிய வன்முறை!

நான் இப்போது கோபமாகத்தான் எழுதுகிறேன், தெரிகிறது. "நீங்க உணர்ச்சிவசப்படுறீங்க" என்று பின்னூட்டம் போடுவதற்கு முன்னால் ஒன்றை யோசியுங்கள். அந்தப் பெண் தமிழைத்தான் ஆராய வந்தாள். அரபு எழுத்தில் எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது தமிழ். உங்கள் பாட்டனும் என் பாட்டனும் பேசிய அதே தமிழ். அதற்குப் போய் 'உங்க ஆளுங்க' என்று பிரிக்க ஒரு தமிழருக்கு எப்படி மனம் வந்தது? பல்கலைக்கழகம் என்பது அவளுக்கும் சொந்தமான இடம். அங்கே அவளை வீட்டு வாசலில் நின்று பிச்சை கேட்பவளைப் போல நடத்தியிருக்கிறார்கள்.

அவள் இப்போது தலைப்பை மாற்றலாமா என்று என்னிடம் கேட்கிறாள். மாற்றாதே என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த அறிவிப்புக்கு முன்வரைவை இருவரும் சேர்ந்து திருத்திக்கொண்டிருக்கிறோம். இந்தத் துறையில் விண்ணப்பித்து அனுபவம் உள்ளவர்கள், நிதி அறிவிப்புகள் தெரிந்தவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள், அவளிடம் சேர்க்கிறேன். அவள் யார், எந்த ஊர் என்று கேட்கும் பின்னூட்டங்களை நீக்கிவிடுவேன். சிரிப்புப் பொம்மை போடுகிறவர்களை நட்பிலிருந்தும் நீக்குவேன், எவ்வளவு பழைய நட்பாக இருந்தாலும்.